மூளை அழற்சியும் மூலிகைச் சாரங்களும்

வல்லாரை, நீர்ப்பிரமி, மஞ்சள், அமுக்கரா ஆகிய நான்கும் தமிழ் மக்களின் வாழ்வில் நெடுங்காலமாக இடம்பெற்றவை. வல்லாரை கீரைக்கட்டாகச் சந்தைக்கு வருகிறது. மஞ்சள் இல்லாத அடுக்களை இல்லை. நீர்ப்பிரமியும் அமுக்கராக் கிழங்கும் நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாக விற்கப்படுகின்றன. அறிவையும் நினைவையும் வளர்க்கும் மூலிகைகளுக்குச் சித்த, ஆயுர்வேத மரபுகள் தனியிடம் தந்துள்ளன. மேதையை வளர்க்கும் ரசாயனங்கள் என்று சரக சம்ஹிதை வகுத்துக் கூறும் நான்கு மூலிகைகள் மண்டூகபர்ணி எனப்படும் வல்லாரை, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி என்பன. முதுமை மறதி நோய்களில் மூளையின் அழற்சிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவானதும், அழற்சியைத் தணிக்கும் தாவரச் சாரங்கள் நினைவையும் காக்குமா என்ற வினா ஆய்வுக்கூடங்களில் எழுந்தது. அந்த வினாவுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளை, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு உறுதியானது என்ற நோக்கில் எடைபோட்டுப் பார்ப்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இந்த வினா ஏட்டளவில் நிற்பதன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டு வெளியான ஒரு தேசிய மதிப்பீடு கூறுகிறது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. மருந்து இல்லாத இடத்தில் நம்பிக்கை விற்பனைக்கு வருவது இயல்பு என்பதால், எது சான்று, எது விளம்பரம் என்று பிரித்தறியும் தேவை நோயாளியின் குடும்பத்துக்கே முதலில் ஏற்படுகிறது.

மூளையின் அழற்சி

உடலில் காயம் பட்டாலோ கிருமி புகுந்தாலோ, அவ்விடத்தில் சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் தோன்றும். பழைய ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் இந்நான்கையும் அழற்சியின் குறிகளாக எழுதி வைத்தார். மூளையில் நெடுநாள் நீடிக்கும் அழற்சிக்கு இக்குறிகளில் ஒன்றும் வெளியே தெரிவதில்லை. கிருமித் தொற்றால் திடீரெனக் காய்ச்சலும் வலிப்பும் உண்டாக்கும் மூளைக்காய்ச்சல் வேறு, இங்குப் பேசப்படும் மெல்லிய, ஆண்டுக்கணக்கில் தொடரும் அழற்சி வேறு என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அழற்சியின் நடுநாயகமாக இருப்பவை மைக்ரோகிளியா என்னும் சிறிய செல்கள். நரம்புச் செல்களுக்கு இடையில் பரவியிருக்கும் இவற்றை 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பீயோ டெல் ரியோ ஓர்ட்டேகா தனி வகையாக இனங்கண்டார். கருவளர்ச்சியின் தொடக்கத்தில் கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறும் இச்செல்கள், மடிந்த செல்களின் எச்சங்களை விழுங்குகின்றன, கிருமிகளைத் தாக்குகின்றன, வளரும் பருவத்தில் தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடுகின்றன. ஆபத்தை உணர்ந்ததும் இவை வடிவம் மாறி, டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லியூக்கின் 1 பீட்டா, இன்டர்லியூக்கின் 6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சிறு புரதங்களை, வெளியிடுகின்றன. இச்செயல் சில நாட்களில் அடங்கிவிட்டால் மூளைக்கு நன்மை. அடங்காமல் நீடித்தால், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் நரம்பு இணைப்புகள் வலுவடைவதை அதே சைட்டோகைன்கள் தடுக்கின்றன. மறதி நோய்களுள் ஒன்றாகிய அல்சைமர் நோயின் எலி மாதிரிகளில், அமிலாய்டு என்னும் புரதத்தின் படிவுகள் திரளும் முன்பே மைக்ரோகிளியா நரம்பு இணைப்புகளை அளவு மீறிக் கழித்துவிடுவதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

அலாய்ஸ் அல்சைமர் 1906 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் தம் நோயாளி ஒருவரின் மூளையைப் பற்றி உரையாற்றியபோது, படிவுகளையும் நரம்பிழை முடிச்சுகளையும் விவரித்தார். நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் கிளியா செல்களில் ஏற்பட்ட மாற்றங்களையும் அவர் பதிவு செய்தார். பின்வந்தோரின் கவனம் படிவுகளிலேயே நிலைத்துவிட்டதால், கிளியா செல்களின் மாற்றங்கள் நோயின் விளைவாக மட்டுமே நெடுங்காலம் கருதப்பட்டன. 2013இல் வெளியான இரு மரபணு ஆய்வுகள் இந்நிலையை மாற்றின. மூளையில் பெரும்பாலும் மைக்ரோகிளியாவிலேயே செயல்படும் டிரெம் 2 என்னும் மரபணுவில் உள்ள ஓர் அரிய மாறுபாடு, அல்சைமர் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்த்துகிறது என்று அவை நிறுவின. அதன்பின், அழற்சி நோயின் விளைவு மட்டும் அன்று, அதன் காரணங்களுள் ஒன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. எனினும் அந்த மாறுபாடு மைக்ரோகிளியாவின் ஆற்றலைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. மைக்ரோகிளியாவை அடக்கிவிட்டாலே நினைவு காக்கப்படும் என்று எளிதில் முடிவுகட்ட அது இடம் தரவில்லை.

ஆய்வகம் கேட்கும் கேள்வி

மூலிகைச் சாரம் மூளை அழற்சியைத் தணிக்கிறது என்ற செய்திகளுள் பெரும்பாலானவை ஒரே வகைச் சோதனையிலிருந்து வருகின்றன. கிராம் எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் உள்ளது. அதை எலியின் வயிற்றறைக்குள்ளோ நேரே மூளைக்குள்ளோ செலுத்தினால், செல்களின் மேற்பரப்பிலுள்ள டி.எல்.ஆர். 4 என்னும் ஏற்பி அதை உணர்கிறது. அதிலிருந்து கிளம்பும் செய்தித்தொடர், செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்.எஃப். கப்பா பி என்னும் புரதத்தை விடுவிக்கிறது. டி.எல்.ஆர். 4 இப்பொருளின் ஏற்பி என்று 1998இல் கண்டறிந்த புரூஸ் பியூட்லர் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார், என்.எஃப். கப்பா பி புரதத்தை 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் அறிவித்தனர்.

அழற்சிக்கு உள்ளான எலியின் நினைவை அளக்கவும் வழிகள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் மோரிஸ் வகுத்த நீர்ப்புதிர்ச் சோதனையில், கலங்கிய நீர் நிறைந்த வட்டத்தொட்டியில் எலி நீந்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றுப்புற அடையாளங்களை நினைவில் வைத்துள்ள எலி நாளுக்கு நாள் விரைவாக மேடையை அடையும், நினைவு குன்றிய எலி அலைந்துகொண்டிருக்கும். மூலிகைச் சாரம் உண்ட எலிகள், உண்ணாதவற்றைவிட விரைவில் மேடையை அடைந்து, அவற்றின் மூளையில் சைட்டோகைன்களும் குறைந்திருந்தால், அச்சாரம் அழற்சியிலிருந்து நினைவைக் காத்ததாக ஆய்வாளர் எழுதுவர்.

இம்முடிவு தவறானதன்று, அதன் எல்லை குறுகியது. பாக்டீரியப் பொருளை ஊசியாகப் போட்டு ஒரு வாரத்தில் உண்டாக்கும் அழற்சியும், மனித மூளையில் இருபது ஆண்டுகள் மெல்ல வளரும் அழற்சியும் ஒன்றல்ல. எலிகள் இப்பொருளைப் பெருமளவு தாங்கிக்கொள்ளக் கூடியவை. பல எலிச் சோதனைகளில் உடல் எடையின் 1 கிலோவுக்கு 250 மைக்ரோகிராம் வரை தரப்படுகிறது, மனிதரிடம் காய்ச்சலை உண்டாக்க ஒரு சில நானோகிராம்களே, அதாவது அதன் பல்லாயிரத்தில் ஒரு பங்கே, போதுமானது. மேலும், இச்சோதனைகளில் சாரம் பெரும்பாலும் அழற்சிக்கு முன்பே தரப்படுகிறது. மனிதர் மருத்துவரை நாடுவதோ அழற்சி தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே.

நீர்ப்பிரமி

நீர்ப்பிரமி ஈர நிலங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் படர்ந்து வளரும், தடித்த சிறு இலைகளையும் வெளிர்ந்த பூக்களையும் உடைய கொடி. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, பாக்கோசைடுகள் எனப்படும் சப்போனின் வகைப் பொருள்களே இதன் நினைவாற்றல் விளைவுக்கு முதன்மைக் காரணம் என்று கூறியது. சப்போனின் என்பது நீரில் கலக்கினால் நுரைக்கும் இயல்புடைய தாவரப் பொருள். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மைக்ரோகிளியா செல்களை லிப்போபாலிசாக்கரைடால் தூண்டியபோது, நீர்ப்பிரமிச் சாரம் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லியூக்கின் 6உம் வெளியாவதைக் குறைத்தது என 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

மற்ற மூலிகைகளைக் காட்டிலும் நீர்ப்பிரமிக்கு மனிதரிடம் நடந்த சோதனைகளின் சான்று சற்று மேலானது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2001இல் வெளியான சோதனையில் நலமுள்ள 46 பேருக்கு 12 வாரங்கள் நாள்தோறும் 300 மில்லிகிராம் சாரமோ, பிளசிபோ எனப்படும் மருந்தற்ற மாத்திரையோ தரப்பட்டது. சாரம் உண்டவர்களின் கற்கும் வேகமும் நினைவும் மேம்பட்டன. 2002இல் வெளியான, 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு இன்னும் நுட்பமானது: புதியதைக் கற்கும் வேகம் மாறவில்லை, கற்றதை மறக்கும் வேகம் மட்டும் குறைந்தது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 54 முதியோரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையும், சற்றுநேரம் கழித்துச் சொற்களை நினைவுகூரும் திறன் உயர்ந்ததைக் காட்டியது. இவற்றையும் இவைபோன்ற பிறவற்றையும் தொகுத்து 2014இல் செய்யப்பட்ட மறுஆய்வு, 9 சோதனைகளும் 518 பேரும் சேர்ந்த தொகுதியில் கவனத்தின் வேகம் உயர்ந்திருப்பதாகக் கண்டது.

இச்சான்றுகளைப் படிக்கும்போது மூன்று உண்மைகளை மறக்கலாகாது. பங்கேற்றோர் பெரும்பாலும் நலமுள்ளவர்கள், மறதி நோயாளிகள் அல்லர். ஆகவே இவை நோயைத் தடுத்ததற்கோ தீர்த்ததற்கோ சான்றாகா. பலன் தெரிய 12 வாரங்கள் அளவில் தேவைப்பட்டது. ஒரு வேளை உண்டு மறுநாள் தேர்வெழுதும் மாணவனுக்கு இதில் பயன் இல்லை. மூன்றாவதாக, அழற்சி குறைந்ததால்தான் நினைவு மேம்பட்டது என்று இச்சோதனைகள் அளந்து காட்டவில்லை. அசெட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப்பொருளின் வழியாகவும் நீர்ப்பிரமி செயல்படலாம். குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி மலம் கழிதல் ஆகியவை இதன் பரவலான பக்கவிளைவுகள்.

வல்லாரை

வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் பிரமி என்ற பெயர் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் வழங்குவதால், பொடியாக வாங்குவோர் எதை வாங்குகிறோம் என்பதைத் தாவரப் பெயரைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள். வல்லாரை கொத்துமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, ஏசியாட்டிக் அமிலம், மெடகாசிக் அமிலம் முதலிய டிரைட்டெர்பீன் வகைப் பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் என்.எஃப். கப்பா பி பாதையை அடக்குகின்றன. செல்லின் சொந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளை முடுக்கும் என்.ஆர்.எஃப். 2 என்னும் பாதையைத் தூண்டவும் செய்கின்றன. அமிலாய்டு படிவுகளை உருவாக்குமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளுக்கு வல்லாரையின் நீர்ச்சாரம் தரப்பட்டபோது, படிவுகள் குறையாமலே நடத்தைக் குறைபாடுகள் சீரடைந்ததை அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் கண்டனர்.

மனிதரிடம் நிலைமை வேறு. வல்லாரை பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2017இல் செய்யப்பட்ட மறுஆய்வு, மனநிலையிலும் விழிப்புணர்விலும் சில நன்மைகள் இருக்கலாம் என்றும், நினைவு முதலிய அறிவுத்திறன்களில் பிளசிபோவை மிஞ்சிய உறுதியான பலன் தெரியவில்லை என்றும் முடிவு கூறியது. தமிழ்நாட்டில் துவையலாகவும் தோசையாகவும், இலங்கையில் சம்பலாகவும் கஞ்சியாகவும் உண்ணப்படும் வல்லாரை நல்ல கீரை என்பதற்கு இம்முடிவு இழுக்கு ஆகாது. ஆனால் ஈர மண்ணில் வேரூன்றும் இச்செடி, மண்ணிலும் நீரிலும் உள்ள கன உலோகங்களை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், சாக்கடை ஓரங்களிலும் ஆலைக் கழிவு நீர் பாயும் இடங்களிலும் பறித்ததை உண்ணலாகாது. நெடுநாள் செறிவான மாத்திரைகளாக உண்டவர்களிடம் அரிதாகக் கல்லீரல் அழற்சி பதிவாகியுள்ளது.

மஞ்சள்

மூளை அழற்சி ஆய்வில் மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின் அளவுக்குப் புகழ்பெற்ற தாவரப் பொருள் வேறொன்று இல்லை எனலாம். மஞ்சள் பொடியின் எடையில் சராசரியாக 3 விழுக்காடு அளவே குர்குமின் உள்ளது. 2001இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், மரபணு மாற்றப்பட்ட எலிகளின் உணவில் குர்குமினைச் சேர்த்தபோது, மூளையில் இன்டர்லியூக்கின் 1 பீட்டா குறைந்தது; அமிலாய்டு படிவுகளும் ஏறத்தாழப் பாதியளவு குறைந்தன. படிவுகளைக் குறைத்தது குறைந்த அளவுக் குர்குமின் மட்டுமே என்பதும், மிகுந்த அளவு அவ்வாறு குறைக்கவில்லை என்பதும் அந்த ஆய்வின் கவனிக்கத்தக்க பகுதி. சிங்கப்பூரில் 1,010 முதியோரைக் கொண்டு 2006இல் வெளியான கணிப்பு, மஞ்சள் சேர்ந்த கறி வகைகளை அவ்வப்போதேனும் உண்பவர்கள், அரிதாக உண்பவர்களைக் காட்டிலும் அறிவுத்திறன் தேர்வில் சற்று மேலான மதிப்பெண் பெற்றதைக் காட்டியது. இத்தகைய கணிப்பு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிறுவாது. கறி உண்பவர்களின் பிற பழக்கங்களும் அந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம்.

அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் இந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. ஹாங்காங்கில் 34 பேரிடம் ஆறு மாதமும், அமெரிக்காவில் 36 பேரிடம் 24 வாரமும் நடந்த இரு சோதனைகளில், நாள்தோறும் 4 கிராம் வரை குர்குமின் தரப்பட்டும் நினைவில் பயன் காணப்படவில்லை. குடல் இதை மிகக் குறைவாகவே ஈர்க்கிறது, ஈர்த்ததையும் கல்லீரல் விரைவாக மாற்றிக் கழித்துவிடுகிறது. இரத்தத்தில் தங்குவது நுண்ணளவே. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராமைச் சேர்த்து உண்டால், இரத்தத்தை எட்டும் குர்குமினின் அளவு 2,000 விழுக்காடு உயர்வதாகப் பெங்களூரில் நடந்த ஆய்வு 1998இல் அறிவித்தது. அந்த உயர்வும் மிகக் குறைந்த ஓர் அளவிலிருந்து தொடங்கிய உயர்வே. எளிதில் ஈர்க்கப்படுமாறு மாற்றியமைத்த ஒரு குர்குமின் வகையை, நாளுக்கு இருமுறை 90 மில்லிகிராம் வீதம், மறதி நோய் இல்லாத 40 பேருக்கு 18 மாதம் தந்த சோதனையில் நினைவு மேம்பட்டதாக 2018இல் செய்தி வந்தது. நம்பிக்கை தரும் முடிவே எனினும், நாற்பது பேரை வைத்து நாட்டு மக்களுக்கு மருந்து பரிந்துரைக்க முடியாது. குர்குமின் பல ஆய்வகச் சோதனைகளில் பொய்யான பலனைக் காட்டக்கூடிய வேதியியல் இயல்புடையது என்று 2017இல் மருந்து வேதியியலாளர் குழு ஒன்று எச்சரித்ததும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது.

அமுக்கரா

அமுக்கராக் கிழங்கின் வரலாறு, மூலிகை மூளையைத் தொடாமலே மூளைக்கு உதவக்கூடும் என்பதைக் காட்டுகிறது. ஹரியானாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், அமிலாய்டு படிந்த எலிகளுக்கு அமுக்கராச் சாரம் 30 நாட்கள் வாய்வழி தரப்பட்டபோது நினைவுக் குறைபாடும் படிவுகளும் குறைந்தன என 2012இல் அறிவிக்கப்பட்டது. கல்லீரலில் எல்.ஆர்.பி. என்னும் புரதம் மிகுந்து, இரத்தத்திலுள்ள அமிலாய்டை ஈர்த்து, அதன்வழி மூளையிலிருந்தும் அமிலாய்டு வெளியேற வகைசெய்தது என்பது ஆய்வாளரின் விளக்கம். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவர் பெரும்பாலான மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை என்பதால், இவ்விளக்கம் சிறப்பாகக் கவனிக்கப்பட்டது. மனித நோயாளிகளிடம் இதே பலன் நிறுவப்படவில்லை. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், அரிதாகக் கல்லீரலைத் தாக்கலாம் என்ற பதிவுகள் உள்ளன. டென்மார்க் அரசு 2023இல் அதைத் தடைசெய்தது.

பெருஞ்சோதனைகளின் தீர்ப்பு

இந்திய மூலிகை எதுவும் ஆயிரக்கணக்கானோரிடம் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டதில்லை. அத்தகைய சோதனைக்கு உட்படுத்தப்பட்ட ஒரே நினைவு மூலிகை, கிழக்காசியாவின் ஜின்கோ மரம். ஃபிளேவோன் கிளைகோசைடுகள் 24 விழுக்காடும் டெர்பீன் லாக்டோன்கள் 6 விழுக்காடும் இருக்குமாறு தரப்படுத்திய அதன் இலைச்சாரம், ஆய்வகத்தில் அழற்சியையும் ஆக்சிஜனேற்றச் சிதைவையும் குறைத்தது. அமெரிக்காவில் 75 வயதை எட்டிய 3,069 பேருக்கு நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அச்சாரமோ பிளசிபோவோ தரப்பட்டது. 2008இல் வெளியான முடிவு: ஜின்கோ மறதி நோயைத் தடுக்கவில்லை. பிரான்சில் 70 வயதைக் கடந்த 2,800க்கும் மேற்பட்டோரிடம் ஐந்து ஆண்டுகள் நடந்து 2012இல் வெளியான சோதனையும் அதையே உறுதிசெய்தது.

இவ்வாறு தோற்றது மூலிகை மட்டுமன்று. மூட்டுவலிக்காக அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளை நெடுநாள் உண்டவர்களிடம் அல்சைமர் நோய் குறைவாகக் காணப்பட்டதால், நாப்ராக்சன், செலிகாக்சிப் ஆகிய இரு மருந்துகளை 70 வயதைக் கடந்த 2,528 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தனர். 2001இல் தொடங்கிய அந்தச் சோதனை, இதயப் பாதிப்பு பற்றிய அச்சத்தால் 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது; நினைவுக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. தூய்மையும் அளவும் துல்லியமாகத் தெரிந்த மருந்துகளே அழற்சியை அடக்கியும் நினைவைக் காக்கத் தவறின என்றால், குறை மூலிகையில் மட்டும் இருப்பதாகக் கொள்ள முடியாது. அழற்சியை எப்போது, எந்தக் கட்டத்தில், எவ்வளவு தணிக்க வேண்டும் என்பதே இன்னும் விடை காணப்படாத வினா.

மூலிகை ஆய்வுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. சாரம் என்பது செடியன்று. நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து எடுக்கப்படும் செறிவு. ஒரே செடியை நீரில் ஊறவைத்தால் ஒரு வகைப் பொருள்களும், சாராயத்தில் ஊறவைத்தால் வேறு வகைப் பொருள்களும் மிகுதியாக வரும். மண், பருவம், அறுவடைக் காலம், உலர்த்தும் முறை ஆகியவையும் அளவை மாற்றும். ஆகவே 300 மில்லிகிராம் நீர்ப்பிரமி என்ற ஒரே எழுத்து இரு புட்டிகளில் இரு வேறு மருந்துகளைக் குறிக்கலாம். ஒரு சாரத்துக்குக் கிடைத்த சான்று மற்றொன்றுக்குச் சான்றாவதில்லை.

செடியிலிருந்து மருந்து வரை

செடிகளில் நினைவுக்கான மருந்தே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். இன்று மறதி நோய்க்கு மருத்துவர்கள் எழுதித்தரும் காலன்டமைன், பனித்துளிப்பூ எனத்தக்க கலாந்தஸ் இனக் கிழங்குகளிலிருந்து 1950களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் பிரிக்கப்பட்டு, பல்கேரியாவில் திமீத்தர் பாஸ்கோவால் மருந்தாக்கப்பட்டு, 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. ரிவாஸ்டிக்மைன் என்னும் மற்றொரு மருந்து, மேற்கு ஆப்பிரிக்காவின் நச்சு விதையான கலபார் அவரையில் உள்ள ஃபைசோஸ்டிக்மைனை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்டது. இரண்டும் அசெட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து, நோயின் குறிகளைச் சில காலம் தணிப்பவை. நோயை நிறுத்துபவை அல்ல. ஒரு மூலக்கூறைத் தனித்துப் பிரித்து, அளவை நிலைநாட்டி, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பின்னரே அவை மருந்து என்ற பெயரைப் பெற்றன. நீர்ப்பிரமிக்கும் அமுக்கராவுக்கும் எஞ்சியுள்ள வழி அதுவே. லக்னோவும் மானேசரும் தொடங்கிவைத்த பணியைப் பெருஞ்சோதனைகள் வரை கொண்டுசெல்லும் பொறுப்பு இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்புகளுக்கு உண்டு. விற்பனையாளர்கள் அந்தச் செலவை ஏற்க முன்வரப் போவதில்லை.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்ற எண்ணம் ஆபத்தானது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளை உண்பவர்கள் ஜின்கோவையோ செறிவூட்டிய குர்குமினையோ சேர்த்து உண்டால் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடலாம். தைராய்டு மருந்து, தூக்க மருந்து, நீரிழிவு மருந்து உண்பவர்கள் அமுக்கராவை மருத்துவரிடம் கேளாமல் தொடங்கலாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகள் 70இல் 14, ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றையேனும் கொண்டிருந்ததை 2004இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கப்பட்டது வங்கதேசத்தில் 2019இல் நிறுவப்பட்டது; மூளையைக் காக்க உண்ணும் பொருளில் மூளைக்கே நஞ்சான ஈயம் இருப்பதைவிடக் கொடிய முரண் வேறில்லை. மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய தீங்கு, காலம் கடத்துவது. மறதி என்று வருவோரில் சிலருக்கு அதன் காரணம் வைட்டமின் பி 12 குறைபாடாகவோ, தைராய்டு சுரப்புக் குறைவாகவோ, மனச்சோர்வாகவோ, உண்ணும் வேறு மருந்தின் பக்கவிளைவாகவோ இருக்கும். இரத்தப் பரிசோதனையும் முறையான உரையாடலுமே அதைக் காட்டிவிடும், உரிய சிகிச்சை நினைவை மீட்டுத் தரும். வீட்டில் பொடி கலக்கிக் கொடுத்தே ஓராண்டைக் கழிக்கும் குடும்பம் இந்த வாய்ப்பை இழக்கிறது.

நினைவைக் காக்கும் வழிகளுள் மனிதரிடம் மேலான சான்று பெற்றவை சில உள்ளன. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடலுழைப்பின்மை, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தலைக்காயம், காற்று மாசு, தனிமை, மனச்சோர்வு, இளமையில் கல்வியின்மை ஆகிய 14 காரணிகளையும் வாழ்நாள் முழுவதும் சீர்செய்ய முடிந்தால், உலகின் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆணையம் 2024இல் மதிப்பிட்டது. இவற்றுள் பல, இரத்தத்தில் அழற்சிப் பொருள்களைக் கூட்டி மூளையையும் பாதிப்பவை. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த நாள நலம் ஆகியவற்றை ஒருங்கே இரண்டு ஆண்டு கவனித்தபோது, அறிவுத்திறன் காக்கப்பட்டது 2015இல் நிறுவப்பட்டது.

ஆகவே இன்றைய நிலையில் கூறத்தக்க தீர்ப்பு இது: நீர்ப்பிரமி நலமுள்ளோரின் நினைவுக்கு ஓரளவு உதவலாம், வல்லாரையும் மஞ்சளும் உணவாக நல்லவை, அமுக்கரா மேலும் ஆராயத்தக்கது, இவற்றுள் எதுவும் மறதி நோயைத் தடுக்கும் என்றோ தீர்க்கும் என்றோ நிறுவப்படவில்லை. வீட்டில் ஒரு முதியவர் சொன்னதையே திரும்பச் சொல்லவும், பழகிய வழியைத் தவறவிடவும் தொடங்கினால், நாட்டு மருந்துக் கடைக்குச் செல்லும் முன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் உண்ணும் மூலிகைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.